வினைச்சொல் வரைக்கும் மூச்சு

வணக்கம் அக்கா,
நான் பேச்சும் நாடகமும் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. தினமும் பயிற்சி செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எதை, எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வசனங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொள்கிறது, அந்த வாரம் அதோடு சரி. ஒரு அட்டவணை போட்டுத் தர முடியுமா?
ஒரு மாணவி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை விட்டுவிடுங்கள். கத்தினால் குரல்நாண் வீங்கும், வீங்கினதை வைத்துக்கொண்டு மறுபடி கத்தினால் இன்னும் மோசம். 25 நிமிடம் போதும், ஆனால் தினமும், பல் தேய்த்ததும் குளித்ததும் என்று ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றோடு ஒட்டி.

முதல் 5 நிமிடம் மூச்சு. மல்லாந்து படுத்து வயிற்றில் கையை வையுங்கள், மூச்சு இழுக்கும்போது கை உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. 'ஸ்' என்று சீராக வெளியே விடுங்கள். எத்தனை நொடி என்பது முக்கியமில்லை, கடைசியிலும் சத்தம் நடுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தின் பிறப்பைத் தொல்காப்பியமே உந்தியிலிருந்து, அதாவது தொப்புள் பகுதியிலிருந்து, எழும் காற்றில்தான் தொடங்குகிறது. அப்புறம் உதட்டைப் படபடவென்று அதிரவிட்டபடி குரலை மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள், 5 நிமிடம். ல, ள, ழ கொஞ்ச நேரம்: ளவில் நாக்கு அண்ணத்தைத் தொடும், ழவில் தொடாது. மெதுவாகவே சொல்லுங்கள், வேகமாகச் சொன்னால் தப்புதான் பழகும்.

மீதி நேரம் முழுக்க எட்டே வரி வசனம், ஒரு வாரத்துக்கு அதே எட்டு வரி. நான் பயிற்சியில் அதிகம் பார்க்கிற குறை, வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோவது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, ஆமா இல்லையா என்பதே அங்கேதான் தெரியும். ஒரு பெண் "அந்தப் பணத்தை அவரிடம் நான் இன்னும் கொடுக்கவில்லை" என்று சொன்னாள், நல்ல குரல், ஆனால் பின்வரிசைக்கு 'கொடுக்க' வரைக்கும்தான் வந்தது. அடுத்த காட்சியில் அவள் ஏன் பயப்படுகிறாள் என்றே அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

அதனால் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் 'கொடுக்கவில்லை' மட்டும். பிறகு 'இன்னும் கொடுக்கவில்லை', 'நான் இன்னும் கொடுக்கவில்லை', இப்படியே முழு வாக்கியம் வரை, ஒவ்வொரு தடவையும் அந்த 'இல்லை' அறையின் கடைசிச் சுவரில் போய் விழ வேண்டும். அது பிடிபட்டதும் ஆளை மாற்றுங்கள். வாசலில் நிற்கும் கடன்காரரிடம் ஒரு தடவை, அம்மாவிடம் ஒரு தடவை, இருட்டில் தனக்குத்தானே ஒரு தடவை. யாரிடம் சொல்கிறோம் என்பது உள்ளே தெளிவாக இருந்தால் குரல் தானாக மாறும், உணர்ச்சியை மேலே பூச வேண்டியதில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை போனில் பதிவு செய்து, மறுநாள் பயிற்சிக்கு முன்னால் கேளுங்கள். உடனே கேட்டால் காது நடுநிலையாக இருக்காது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்யாதீர்கள், தொண்டை கடன் வசூலிக்கிற இடமில்லை. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கட்டியிருக்கிறதே என்று கிசுகிசுத்துப் பேசவும் வேண்டாம், பலருக்கு அதுவும் குரல்நாணை இறுக்கும், பேசாமல் இருங்கள்.

முதல் வாரத்துக்கு எந்த எட்டு வரி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா