பூனைக்குச் சுகர், பகலில் வீட்டில் யாரும் இல்லை. வேலையை விடாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். தினம் இரண்டு இன்சுலின் ஊசி என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஊட்டியில் தனியாக இருக்கிறேன், காலை முதல் மாலை வரை வேலை, பகலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பூனையை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றும் யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

நான் குன்னூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப மாலை ஆறு தாண்டிவிடும். எங்கள் சொக்கன் கருத்தடை செய்த, நன்றாகக் கொழுத்த ஆண் பூனை. பத்து வயதுக்கு மேல் அவனுக்குச் சுகர் வந்தது. குளிர்காலத்திலும் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தான், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிது பெரிதாக விழுந்தன, நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்க ஆரம்பித்தான். சுகர் நரம்பைப் பாதிப்பதால் பூனைகளுக்கு அப்படி ஆகும். சுகர் கட்டுக்குள் வந்ததும் மெல்ல மெல்ல நிமிர்ந்து நடந்தான்.

முழுநேர வேலைக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சுகர் சில நாள் கொஞ்சம் ஏறியே இருந்தால் பூனை தாங்கும். ஆளில்லாத வீட்டில் சுகர் அடிமட்டத்துக்கு இறங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். சுகர் அளவை எப்படிக் குறைப்பது என்றுதான் எல்லோரும் தவிக்கிறோம். ஆனால் நம் ஏற்பாடு முழுக்க 'லோ' ஆகாமல் பார்த்துக்கொள்வதைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியான கணக்கு. நான் காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் போடுகிறேன். சிக்கல் நடுவில் இருக்கிறது. கிளார்ஜின் வகை இன்சுலின் போட்டால் சுகர் மிகவும் இறங்குவது பெரும்பாலும் ஊசிக்குப் பின் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள். ஆறரைக்குப் போட்டால் பத்தரையிலிருந்து இரண்டரை வரை. நாம் ஃபைலில் மூழ்கியிருக்கும் நேரம் அது. அதனால் இரண்டு விதிகளை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சுகர் பார்க்காமல் ஊசி கிடையாது. மருந்தின் அளவைக் கூட்டுவதென்றால் வெள்ளிக்கிழமை மாலையோ சனிக்கிழமை காலையோதான். அப்போது முதல் இரண்டு மூன்று இறக்கங்கள் நாம் வீட்டில் இருக்கும்போதே நடக்கும். மருத்துவர் புதன்கிழமை அளவைக் கூட்டச் சொன்னால், "டாக்டர், சனிக்கிழமையிலிருந்து கூட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மருத்துவர் உடனே, "அதுதாம்மா நல்லது, நீங்க வீட்ல இருக்கிற நாளாப் பாருங்க" என்றார். அந்தச் சனிக்கிழமையில் இரண்டு மணிக்கொரு தடவை சுகர் பார்த்து, ஊசிக்கு ஊசி ஒரு முழுச் சுற்றை எழுதி வையுங்கள். அந்தத் தாளில் இருப்பது ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஒற்றை எண்ணில் கிடைக்காது. பயந்துபோன பூனைக்கு ஆஸ்பத்திரி மேசையில் 300 தாண்டுவது சகஜம். சுகர்தானா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் ஃபிரக்டோசமைன் பரிசோதனை கேளுங்கள். அது முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும், அந்த நேரத்துப் பயத்தால் ஏறாது.

எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் எழுதியே வாங்குங்கள். ஆரம்பத்தில் எனக்குச் சொன்ன எல்லை 200. அதற்குக் கீழே இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும். அனுபவம் வந்த பிறகு அவரே எல்லையை மாற்றிக் கொடுத்தார். ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலோ, ஊசி வெளியே சிந்திவிட்டதோ என்று தோன்றினாலோ, மறுபடி போடவே போடாதீர்கள். அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி சுகர் பார்ப்பது. மனிதர்களுக்கான மீட்டரே போதும். ஆனால் பூனை ரத்தத்தில் அது பொதுவாக உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். எந்த மீட்டர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். நீலகிரியில் இன்னொரு தொல்லை உண்டு. பெரும்பாலான மீட்டர்கள் சுமார் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஜனவரி உறைபனிக் காலையில் மேசையில் கிடந்த மீட்டரை எடுத்தால் சுகருக்குப் பதில் தெர்மாமீட்டர் படமோ ஏதோ எர்ரரோதான் வரும். நான் எழுந்ததும் மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காப்பி போடப் போய்விடுவேன். காப்பி முடிவதற்குள் அதற்குச் சூடு ஏறிவிடும்.

ரத்தம் எடுக்கும் காதும் அப்படித்தான். சில்லிட்ட காதில் எத்தனை தடவை குத்தினாலும் ரத்தம் வராது. வாணலியில் லேசாகச் சூடாக்கிய அரிசியைப் பழைய சாக்ஸில் கட்டி, நம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதில் அரை நிமிடம் ஒற்றுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காதின் வெளி ஓரமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். குத்த வேண்டியது அந்தக் குழாய்க்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட துளி இடத்தில், குழாயிலேயே அல்ல. பின்பக்கம் மடித்த டிஷ்யூவை அண்டக் கொடுங்கள், இல்லையென்றால் லான்செட் (குத்தும் சிறு ஊசி) உங்கள் விரலில்தான் இறங்கும். குத்துவதற்கு முன் அந்த இடத்தில் வாஸ்லினைப் பொட்டுப்போல் தடவிவிட்டால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். ஸ்ட்ரிப்பை அதன்மேல் வைக்க வேண்டாம், பக்கத்தில் கொண்டுபோனாலே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு துணுக்கு வேகவைத்த கோழி. அந்தத் துணுக்கை ஒருநாளும் மறக்காதீர்கள். சாக்ஸ் வாசனை வந்தாலே சொக்கன் தானாக வந்து உட்கார்வது அதற்காகத்தான்.

சிரிஞ்ச் விஷயத்தில் நம் நாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே மருந்துக்கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. லேண்டஸ், பாசலாக் என்ற கிளார்ஜின் மருந்துகள் 100. அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு எடுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். அரை யூனிட், ஒரு யூனிட் என்று ஆரம்பிக்கும் பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை. என் அம்மாவுக்கும் சுகர், அவர் போடுவது 40. குளிர் ஒத்துக்கொள்ளாமல் மார்கழியில் மேட்டுப்பாளையம் போய்விடுவார், மற்ற மாதங்களில் இரண்டு மருந்தும் ஒரே ஃபிரிட்ஜில்தான். சொக்கனுடையது மட்டும் மூடி போட்ட தனி டிபன் பாக்ஸில், மேலே பெரிதாகப் பெயர் எழுதி இருக்கும். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல் சிரிஞ்சில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். அரை யூனிட் கோடு உள்ள 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 10 மில்லி பாட்டிலில் 1000 யூனிட் இருக்கும். வேளைக்கு ஒரு யூனிட் போடும் பூனைக்கு 28 நாளில் 56 யூனிட்தான் செலவாகும், திறந்த பிறகு அவ்வளவு நாளுக்குத்தான் கம்பெனி உத்தரவாதம். அதனால் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் (இன்சுலின் பேனாவுக்குள் போடும் சிறு குழாய்) வாங்கி அதிலிருந்து சிரிஞ்சால் எடுப்பது மிச்சம். அதை எடுக்கும் முறையை மருத்துவரிடம் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

சாப்பாடு மாறினால்தான் பாதி வேலை முடியும். உலர் தீனியில் மாவுச்சத்து அதிகம். பாக்கெட்டில் மாவுச்சத்தைப் பெரும்பாலும் போடமாட்டார்கள், நாமேதான் கணக்குப் போட வேண்டும்: புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள். புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10 என்று போட்டிருந்தால் மிச்சம் 36. அத்தனையும் மாவுச்சத்து. ஈர உணவில் இதே கணக்கு ஒன்று, இரண்டில் நிற்கும். கிரேவி வகையில் கெட்டியாக்க மாவு சேர்ப்பார்கள், அரைத்த கூழ் வகை மேல். வெறும் கோழியும் மீனும் மட்டும் என்று நாமே சமைத்துப் போட்டால் டாரின் போன்ற சத்துகள் குறையும், அதையே முழு உணவாக்காதீர்கள். முக்கியமான எச்சரிக்கை: இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு திடீரென்று உலர் தீனியை நிறுத்தினால் சுகர் சடாரென்று விழும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சுகர் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். மதியத்துக்கு நேரம் வைத்துத் திறக்கும் தீனிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குளிரில் ஈர உணவு மதியம்வரை கெடாது, சமவெளிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வெளியே சுற்றும் பூனை என்றால் இனி வீட்டுக்குள்தான். சிறுத்தை பயத்துக்கு மட்டுமல்ல. பக்கத்து வீட்டுப் பாட்டி பாசத்தில் வர்க்கியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். "பாட்டி, உங்களுக்கு டாக்டர் எதையெல்லாம் நிறுத்தச் சொன்னாரோ, அதெல்லாம் இவனுக்கும் ஆகாது" என்றேன். "அட பாவமே, இவனுக்கும் சுகரா?" என்று அன்றோடு நிறுத்திவிட்டார். இப்போது என்னிடம் கேட்காமல் ஒரு துண்டு மீன்கூடக் கொடுப்பதில்லை.

'லோ' ஆனால் தெரியும். திடீர்ப் பசி, தள்ளாட்டம், கூப்பிட்டால் வெறித்த பார்வை, நடுக்கம், முற்றினால் வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே என்றால் ஆள் நன்றாக நடமாடினாலும் உடனே சாப்பாடு கொடுங்கள். சாப்பிட முடியாத நிலை என்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். வலிப்பு வரும்போது விரலைப் பல்லுக்கு நடுவே விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது, இன்சுலின் உள்ளே இருக்கும்வரை மறுபடி விழும். தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. சாப்பிடாமல், வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தால், சுகர் கட்டுக்கடங்காதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். நிறம் மாறினால் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அதைத் தள்ளிப்போடவே முடியாது.

பகல் நேரத்தைப் பற்றிய பயம்தான் உங்களுக்குப் பெரிது என்றால், சுகரைத் தொடர்ந்து அளக்க மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே சென்சார் பூனைக்கும் வேலை செய்யும். முடியை மழித்து உடம்பில் ஒட்டிவிடுவார்கள். 14 நாள் கணக்கு, பூனைகளிடம் அதற்கு முன்பே கழன்றுவிடுவதும் உண்டு. பழைய மாடல் சென்சார் கடைசி எட்டு மணி நேரத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். எட்டுக்குக் கிளம்பி ஆறே காலுக்கு வந்து அதன்மேல் போனையோ ரீடரையோ காட்டினால் காலையில் சுமார் இரண்டு மணி நேரக் கணக்கு போய்விடும், ஆனால் நமக்கு வேண்டிய பத்தரை முதல் இரண்டரை வரை முழுசாகக் கிடைக்கும். விலை கூடுதல்தான், எப்போதும் வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் ஆபீஸில் நிம்மதியாக உட்காரலாம்.

மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய இரண்டு: தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தோமா, பல்லில் சீழ் இருக்கிறதா. இரண்டும் சுகரை ஏற்றிவிடும். இவற்றைச் சரிசெய்து, உடல் எடையை மெதுவாகக் குறைத்து, சீக்கிரமே இன்சுலின் ஆரம்பித்த பூனைகளில் கணிசமானவை சில மாதங்களில் ஊசியே வேண்டாத நிலைக்கு வருகின்றன. நாய்களுக்கு அப்படி ஆவது அபூர்வம். அப்படித் தேறும் பூனைக்குத்தான் 'லோ' ஆபத்தும் கூடும், நேற்றைய அளவு இன்று அதிகமாகிவிடும் அல்லவா. ஒரு வேளைகூட மீட்டர் இல்லாமல் ஊசி வேண்டாம் என்று நான் மறுபடி மறுபடி சொல்வது அதனால்தான். சொக்கன் இன்னும் ஊசியில்தான் இருக்கிறான், ஆனால் ஆரம்பித்ததைவிடக் குறைந்த அளவில்.

மே மாத சீசனில் பஸ் ஊர்ந்து வரும்போது மாலை ஊசி ஓரிரு மணி நேரம் தள்ளினால் பாதகமில்லை. மறுநாள் காலை ஊசியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, தினம் அரை மணி நேரமாகப் பழைய நேரத்துக்கு இழுத்துவிடுங்கள். அதற்குமேல் தாமதமானால் அந்த வேளையை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இங்கே பூனைக்கு வேண்டிய பாதிப் பொருள் கோவையிலிருந்துதான் மேலே ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பார்சலும் நிற்கும், கரண்டும் போகும். அக்டோபர் பிறப்பதற்குள் திறக்காத கார்ட்ரிட்ஜ் ஒன்று, ஸ்ட்ரிப் இரண்டு டப்பா, சிரிஞ்ச் ஒரு பாக்கெட், ஈர உணவு மூன்று வாரத்துக்கு என்று வாங்கி வைத்துவிடுங்கள். ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள்.