காப்புரிமை இறுகினால் வளர்ச்சி வருமா?

கேள்வி: காப்புரிமை, பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமைச் சட்டங்களைக் கடுமையாக்கினால்தான் வளரும் நாடுகளுக்கு முதலீடும் தொழில்நுட்பமும் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்குத்தான் உண்மை. இன்று உபதேசம் செய்யும் நாடுகள் தாங்கள் வளர்ந்த காலத்தில் அதைக் கடைப்பிடிக்கவில்லை. நெதர்லாந்து 1869 முதல் 1912 வரை காப்புரிமைச் சட்டமே, அதாவது ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம் கண்டுபிடிப்பாளருக்கே உரியதாக்கும் சட்டமே, இல்லாமல் இருந்தது. அமெரிக்காவோ 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமையை ஏற்கவே இல்லை.

மருந்துத் துறையைப் பாருங்கள். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்கு அல்லாமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்ததால், அதே மருந்தை மாற்று வழியில் தயாரிக்க அங்குள்ள வேதியியலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 2001இல் 350 டாலருக்குத் தர சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் முன்வந்தது, இப்படிச் சேர்ந்த திறமையால்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005இல் மருந்துக்கே 20 ஆண்டுக் காப்புரிமை வந்தபோது, அந்தத் தொழில் காலூன்றிவிட்டிருந்தது.

ஆய்வகமும் பொறியாளர்களும் உள்ள நாட்டில் கடுமையான சட்டம் கண்டுபிடிப்பாளரை ஊக்குவிக்கலாம். அவை இல்லாத நாட்டில், பிறரின் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தக் கட்டும் உரிமத் தொகை வெளிநாட்டுக்குப் போகும் வழியைத்தான் அது அகலப்படுத்தும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு மருந்துக் காப்புரிமையிலிருந்து 2033 வரை விலக்கு இருப்பதும் இதனால்தான்.