கரடிக்கு ஜெர்மானிய மொழிகளில் ஏன் 'பழுப்பன்' என்று பெயர்?

கரடி ஆங்கிலத்தில் 'பேர்' (bear), டச்சில் 'பேர்' (beer), ஸ்வீடிஷில் 'பியோர்ன்' (björn). எல்லாம் ஒரே வேர்தான். 'பழுப்பு நிறத்தது' என்பதே பொருள் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதாவது, இது பெயரே அல்ல, பட்டப்பெயர்.

கரடியின் பழைய இந்தோ-ஐரோப்பியப் பெயர், அதாவது இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியில் இருந்த பெயர், கிரேக்கத்தில் ஆர்க்டோஸ், லத்தீனில் உர்சுஸ், சமஸ்கிருதத்தில் ரிக்ஷ என்று பிழைத்திருக்கிறது. வடக்கே காட்டோரம் வாழ்ந்தவர்களோ, பெயர் சொன்னால் வந்து நிற்கும் என்ற பயத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, கடைசியில் மறந்தே போனார்கள் என்பதுதான் பரவலான விளக்கம். ராத்திரியில் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்பாரே பாட்டி, அதே கதை! ரஷ்யர்கள் இன்னும் நயம்: 'தேன்தின்னி' என்ற பொருளில் மெத்வேத் என்றார்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் 'சுமத்தல்' என்ற பொருளில் வரும் 'பேர்' (bear) வேறு வேர்ச்சொல். எழுத்து ஒன்றானாலும் கரடிக்கும் அதற்கும் உறவில்லை.