வன்னிக் காட்டுக்கோழி நமது ஊர்க்கோழிக்குப் பாட்டனா?

வளவில் வளரும் பறவைகளின் பூர்வீகம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில், காட்டோரத்தில் செம்மஞ்சள் நிறச் சேவலொன்று மேயக் கண்டோம். நமது ஊர்க்கோழி இதிலிருந்துதான் வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். இது சரியா? (கொடிகாமம் வாசகர்)

பதில்: நீங்கள் கண்டது இலங்கைக் காட்டுக்கோழி. நமது நாட்டின் தேசியப் பறவையாகிய அது, இலங்கைக்கு வெளியே வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆயினும் அது ஊர்க்கோழிக்குப் பாட்டன் அன்று. ஒன்றுவிட்ட சித்தப்பன் முறை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காட்டுக்கோழிகளில் நான்கு இனங்கள் உள்ளன. இலங்கைக் காட்டுக்கோழி ஒன்று. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி மற்றொன்று. யாவாவிலும் அதனை அடுத்த தீவுகளிலும் வாழும் பச்சைக் காட்டுக்கோழி மூன்றாவது. வட இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரந்து வாழும் செங்காட்டுக்கோழி நான்காவது. இந்நான்கனுள் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை என்று சார்ள்ஸ் டார்வின் 1868ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். செங்காட்டுக்கோழி கூவும் குரல் வீட்டுச் சேவலின் குரலை ஒத்திருப்பதும், அவ்விரண்டும் கலந்து பெறும் குஞ்சுகள் குறைவின்றி இனம் பெருக்குவதும் அவர் காட்டிய காரணங்களுள் அடங்கும். 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, 800க்கும் மேற்பட்ட கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, அவர் சொன்னதை உறுதி செய்ததோடு நில்லாமல் இடத்தையும் சுட்டியது: தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் உள்ளினம் ஒன்றுதான் வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்த கோழி எலும்புகள் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் கி.மு. 1250 வரையான காலத்தைச் சேர்ந்தவை. சிந்திய நெல்லையும் தினையையும் பொறுக்க வந்த காட்டுப்பறவை, குடியிருப்பின் ஓரத்திலேயே தங்கிப் பழகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மனிதன் காட்டுக்குள் போய்ப் பிடித்து வந்தான் என்பதைவிட இது எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. அறுவடை முடிந்த வயலில் கோழிகள் அலைவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இனி உங்கள் வன்னிச் சேவலுக்கு வருவோம். அடுத்த முறை அதன் கொண்டையைக் கவனியுங்கள்: சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு ஒன்று தெளிவாகத் தெரியும். ஊர்ச்சேவலின் கொண்டையிலோ செங்காட்டுச் சேவலின் கொண்டையிலோ அது கிடையாது. அது கூவுவதும் ‘கொக்கரக்கோ’ அன்று. பறவை நூல்களில் ‘ஜோர்ஜ் ஜொய்ஸ்’ என்று ஒலிபெயர்க்கப்படும் குறுகிய கூவல் அது. ஊர்க்கோழியோடு கலந்து குஞ்சு பொரித்தாலும், அக்கலப்புக் குஞ்சுகளின் இனம் பெருக்கும் திறன் குறைவு. உருவ ஒற்றுமையை மட்டும் பார்த்துப் பூர்வீகம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. காட்டுக்கோழி முட்டையை எடுத்து வந்து அடைவைக்கும் எண்ணம் எவருக்கும் இருந்தால் அதைக் கைவிடுவது நல்லது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை.

கேள்வி: எங்கள் கோழிகளில் சிலவற்றின் கால் மஞ்சளாகவும் சிலவற்றின் கால் சாம்பலாகவும் இருக்கிறது. தீனிதான் காரணமா? (நெல்லியடி வாசகி)

பதில்: தீனிக்கும் பங்குண்டு, ஆனால் வேர் மரபில் இருக்கிறது. சோளத்திலும் பச்சிலைகளிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருளைத் தோலில் சிதைத்துவிடும் மரபணு ஒன்று செங்காட்டுக்கோழியில் வேலை செய்கிறது. ஆகவே அதன் கால் சாம்பல் நிறமானது. மஞ்சள் காலுடைய கோழிகளில் அந்த மரபணு தோலளவில் அடங்கிக் கிடக்கிறது, நிறப்பொருள் தோலில் தங்கிவிடுகிறது. இந்த மாற்றம் செங்காட்டுக்கோழி வழியாக வந்ததன்று, தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கலப்பால் வந்தது என்று 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டார்வின் ஒரே மூதாதை என்றார். கால் அதை முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கப் பாடலொன்று கானங்கோழிச் சேவலின் கழுத்தில் ஒளிரும் பொறிகள் உள்ளதாகச் சொல்கிறது. சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற புள்ளிகள் உண்டு என்பதை அறிந்தவர்களுக்குப் புலவர் எப்பறவையைப் பார்த்துப் பாடினார் என்பதில் ஐயம் எழாது.

கேள்வி: கூடு கட்டிக் கொடுத்தும் ஊர்க்கோழிகள் பொழுதுபட்டால் மாமரத்தில் ஏறிவிடுகின்றன. ஏன்? (அளவெட்டி வாசகர்)

பதில்: காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில்தான் தங்கும், நிலத்தில் உறங்கினால் காலையில் இராது. அந்தப் பழக்கம் கூட்டுக்குள் வளர்ந்த தலைமுறைகளிலும் அழியவில்லை. ஆகவே கூட்டினுள் குறுக்காக ஒரு தடியைச் சற்று உயரத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாள்கள் மாலையில் அடைத்துப் பழக்கினால் பெரும்பாலானவை இறங்கி வரும்.

இதே போன்று எஞ்சியிருக்கும் காட்டுக்குணம் இன்னொன்று உண்டு. வானில் பருந்து வட்டமிடும்போது கோழி எழுப்பும் ஓசையும், வேலிக்கடியில் கீரி நுழையும்போது எழுப்பும் ஓசையும் வேறுவேறானவை. முன்னது மெல்லிய, நீண்ட ஓசை. அதைக் கேட்டதும் குஞ்சுகள் ஓடி ஒளியும். பின்னது விட்டுவிட்டு உரத்து வரும் கொக்கரிப்பு. ஒருநாள் முற்றத்தில் நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தாரா முட்டையிடுகிறது, ஆனால் அடைகிடப்பதில்லை. மாரியில் கடல்நீரேரிக்கு வரும் காட்டுத் தாராக்கள்தான் இதன் முன்னோர் என்றால், அவை எப்படிக் குஞ்சு பொரிக்கின்றன? (மண்டைதீவு வாசகர்)

பதில்: நீரேரிக்குப் பெருந்தொகையாக வருபவை ஊசிவால் தாராவும் அதன் கூட்டாளிகளும், அவை முன்னோர் அல்ல. வீட்டுத் தாராவின் மூதாதை, வட அரைக்கோளத்தில் வாழும் பச்சைத்தலைத் தாரா. ஆண் தாராவின் வாலுக்கு மேல் சுருண்டு நிற்கும் சில இறகுகளைப் பார்த்திருப்பீர்கள். காட்டு ஆணுக்கும் அதே சுருள் உண்டு. காட்டுப் பெண் தாரா தானே கூடமைத்துத் தனியே அடைகிடக்கும். மனிதன் முட்டைக்காகவே தேர்ந்து தேர்ந்து வளர்த்த வர்க்கங்களில் அந்த உணர்வு மங்கிவிட்டது, ஏனெனில் அடைகிடக்கும் பறவை அவ்வளவு நாளும் முட்டையிடாது.

நமது வீடுகளில் செய்வது போல் அடைக்கோழியின் கீழ் வைப்பதே எளிய வழி. ஆனால் கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் கலந்து வைத்தால் கோழிக்குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் எழுந்து போய்விடும், தாரா முட்டைகள் கெட்டுவிடும். முகத்தில் சிவந்த சதைமுடிச்சுகள் கொண்ட பெரிய தாரா வேறோர் இனம். அமெரிக்க வெப்பவலயக் காடுகளிலிருந்து வந்தது. அது நன்றாக அடைகிடக்கும், ஆனால் அதற்கு ஏறத்தாழ 35 நாள் பிடிக்கும். இவ்விரு இனங்களும் கலந்து பிறப்பவை மலடானவை.

கேள்வி: வான்கோழி, கினிக்கோழி எந்த நாட்டுப் பறவைகள்? (சுன்னாகம் மாணவி)

பதில்: வான்கோழி மெக்சிக்கோ நாட்டது, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போயினர். கினிக்கோழி ஆபிரிக்காவுக்கு உரியது.

கேள்வி: எங்கள் தீவில் ஒல்லாந்தர் காலப் புறாக்கூடு இருக்கிறது. அந்தப் புறாக்களும் கோயில் கோபுரத்துப் புறாக்களும் ஒன்றா? (நெடுந்தீவு வாசகர்)

பதில்: இனத்தால் ஒன்றே. வளர்ப்புப் புறாக்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை மலைப்பாறை இடுக்குகளிலும் கடலோரச் செங்குத்துகளிலும் கூடு வைக்கும் மாடப்புறா. கல்லால் கட்டிய கோபுரத்தின் மாடங்கள் அதற்குப் பாறையிடுக்குகளே என்பதால்தான் மரங்கள் நிறைந்த வீதியிலும் அது கோபுரத்தையே நாடுகிறது. நெடுந்தீவில் ஒல்லாந்தர் எழுப்பிய கூடும் அதே இயல்பை நம்பிக் கட்டப்பட்டதுதான்: சுவர் நெடுகச் சிறு சிறு பொந்துகள், பொந்துக்கு ஒரு சோடி. செய்தி அனுப்ப அப்புறாக்கள் பயன்பட்டன என்று சொல்லப்படுகிறது. கோபுரத்துப் புறாக்களில் பெரும்பாலானவை நீலச்சாம்பல் நிறமும் இறகில் இரு கரும்பட்டைகளும் கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காட்டு மாடப்புறாவின் நிறம் அதுவே. பல்வேறு நிற வளர்ப்புப் புறாக்களைத் தாமே வளர்த்து ஒன்றோடொன்று கலந்து பார்த்த டார்வினின் கூண்டுகளிலும், பட்டைகளோ நீலமோ சிறிதுமில்லாத பெற்றோருக்குப் பிறகு அந்த நீலமும் அந்த இரு பட்டைகளும் மீண்டும் தோன்றின.