எங்கே கிடப்பது என்பதையாவது நான் சொல்லக்கூடாதா?

வணக்கம். எனக்கு 71 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் 36 வருஷம் படிப்பித்துவிட்டு 2014 இல் ஓய்வு பெற்றவன். இங்கே இன்னும் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மனைவி போய் ஆறு வருஷம். மகன் கொழும்புப் பக்கம் வத்தளையில், மகள் கட்டாரில். ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டின வீட்டில் தனியாக இருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு நேரம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும், அதனால் தனி என்று சொல்வதும் முழுசாகச் சரியில்லை.

போன மாதம் என் அக்கா இறந்துபோனாள். 78 வயது. 1972 இல் இந்தியாவுக்குப் போனவள். எங்கள் அப்பா சிலோன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார், அக்கா கட்டிப்போன வீட்டார் இந்தியாவுக்குப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான், குடும்பம் இரண்டாகிவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்றிவிட்டோம். அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று பேர் வைத்திருந்தார்கள். ஆனால் அக்கா அழவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக என்னிடமே திருப்பித் தந்து, "நீ வச்சுக்கடா, எங்களுக்குத் தலைமன்னார்ல சாப்பாடு தருவாங்களாம்" என்றாள். அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை செய்து அங்கேயே முடிந்துவிட்டாள். இடையில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். சாவை வட்ஸ்அப்பில் காட்டினார்கள். போனைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் சாவைப் பற்றி நினைக்கிறேன். அழுகை வரவில்லை. பல் விளக்கும்போதும் வருகிறது, நியூஸ் பார்க்கும்போதும் வருகிறது. ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு 84 படி. போன வருஷம் ஒரு இடத்தில் நின்று ஏறினேன், இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன். பழைய பிள்ளைகள் வந்து காலில் விழுந்தால் பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது. என்னோடு கரம் விளையாடும் கூட்டாளி இந்த வருஷம்தான் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் போனான். மூக்கிலும் கையிலும் குழாய், அதைப் பிடுங்கிவிடுவான் என்று கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். கரம் போர்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

சாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பயம் அந்தக் கட்டின கைதான். அப்புறம் என் பிள்ளைகள் என் மூத்திரத்தை அள்ள வேண்டி வருவது. மனைவிக்குக் கடைசி நாலு மாதம் நான்தான் எல்லாம் செய்தேன், அது வேறு விஷயம்.

தீபாவளிக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தபோது, சாப்பிட்டு முடிந்ததும், "என்னை இங்கேயே அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்கணும், இப்பவே சொல்லி வைக்கிறேன்" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாதீங்கப்பா, எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றான். மகள் போனில் அழுது கட் பண்ணிவிட்டாள். இரண்டு நாள் கழித்து மகன், வீட்டை விற்றுவிட்டு வத்தளைக்கு வந்துவிடுங்கள் என்கிறான்.

தினமும் இப்படி நினைப்பது ஒரு நோயா? பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது? இன்னொன்று, எட்டாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன், இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன், அது நிற்பதற்கு முந்தின நாள் மனுஷனுக்கு என்ன நடக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. யாராவது சொன்னால் நல்லது.

– ஒரு மாஸ்டர், பொகவந்தலாவை

---

வணக்கம் மாஸ்டர். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

முதலில் அந்தப் படிக்கட்டு. மனசைப் பற்றிக் கேட்டவருக்குக் காலைப் பற்றிப் பதில் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம். வயசு மெதுவாகத்தான் வரும். ஒரே வருஷத்தில் ஒன்று மூன்றாகிறது என்றால் அதை வயசு என்று எழுதி மூடிவிட நான் தயாராக இல்லை. இரத்தக் குறைவாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம், சுவாசப்பை, தைரோயிட், எதுவாகவும் இருக்கலாம், இதில் பலதுக்கு மருந்து இருக்கிறது. பொழுதுபட்டால் கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டி இரண்டு தலகாணி வைக்கிறீர்களா என்று பார்த்து வையுங்கள், இந்த வாரமே கிளினிக் போங்கள். நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. பேர் மறப்பதற்கு நான் பெரிதாகப் பயப்படவில்லை. பேர் கொஞ்ச நேரம் கழித்து வருவது வயசில் சாதாரணம். சாப்பிட்டதே ஞாபகமில்லை, தெரிந்த பாதையில் வழி தவறுகிறது என்றால்தான் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, தினமும் வரும் அந்த நினைப்பு. அது மட்டும் இருந்தால் நோய் இல்லை. வயசானவர்கள் பழசையே பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று ஒரு காலத்தில் டொக்டர்மாரே நம்பினார்கள். றொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் 1963 இல் அதை மறுத்து எழுதினார். முடிவு பக்கத்தில் வருகிறது என்று தெரியும்போது மனசு தானாகவே பழைய கணக்கை எடுத்துப் புரட்டும், அது இயல்பு, பலருக்கு அது தேவையும்கூட என்றார். 53 வருஷத்துக்கு முந்தின ரொட்டிப் பொட்டலம் உங்களுக்கு இப்போது இவ்வளவு தெளிவாக வருவதும் அதனால்தான். இன்னொன்று, சாவுப் பயம் வயசாக ஆகக் கூடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகளில் அதிகமும் கண்டது தலைகீழ், நடுவயசுக்காரருக்குத்தான் பயம் கூட, முதியவர்களுக்குக் குறைவு. உங்கள் வீட்டில் அதிகம் பயந்திருப்பது யார் என்று இதை வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் கரம் போர்டைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். கூட்டாளி இல்லாத போர்டைப் பார்க்கப் பிடிக்காமல் கொடுத்திருந்தால் எனக்கு விளங்கும். இனி எதுக்கு இதெல்லாம் என்று கொடுத்திருந்தால் அது வேறு. சோறு ருசிக்கிறதா? விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்து பிறகு தூக்கமே இல்லையா? பிரஷர் குளிசை ஏதாவது குடிப்பவர் என்றால் அதை விட்டுவிட்டீர்களா? "சாவு வரும்" என்ற நினைப்பு "சீக்கிரம் வந்தால் தேவலை" என்று மாறியிருக்கிறதா? இதில் சிலது இரண்டு வாரமாக விடாமல் இருந்தால் அது மனச்சோர்வு. 71 வயசிலும் அதற்கு வைத்தியம் உண்டு, கேட்கும். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒரே ஒரு தரம் வந்திருந்தாலும் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இராப்பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

இனி அந்த முந்தின நாள். நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். சிலருக்குச் சாவு ஒரு நிமிஷத்தில் வந்துவிடும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட நோயில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் போவது பசி. வீட்டு ஆட்கள் இங்கேதான் தவிப்பார்கள், ஒரு வாய் கஞ்சியாவது உள்ளே போகட்டும் என்று கரண்டியோடு நிற்பார்கள். உடம்பு மெல்ல ஓயும்போது அதற்குச் சாப்பாடு தேவைப்படாமல் போகிறது, பட்டினி கிடந்து சாகிறார் என்று அர்த்தமில்லை. வலுக்கட்டாயமாக ஊட்டினால் சுவாசப்பைக்குள் போய்விடும். ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் துடைத்துக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் தூக்கம் நீளும், நாளில் முக்கால்வாசி தூக்கமாகிவிடும். செத்துப்போன தாயும் தகப்பனும் வந்து நிற்பதாகச் சிலர் சொல்வார்கள், பிரயாணம் போகச் சாமான் கட்டு என்பார்கள். நம் லயத்துக் கிழவிகள் "கூப்பிட வந்துட்டாங்க" என்று அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள், மரணப் படுக்கையைப் பார்த்துப் பழகின நேர்ஸ்மாருக்கும் இது தெரிந்ததுதான். அவர் பயப்படாத வரைக்கும் அதை யாரும் திருத்த வேண்டியதில்லை. கடைசி ஒன்றிரண்டு நாளில் கைகால் குளிர்ந்து தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூச்சு சில விநாடி நின்று மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரலாம், கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும், படுத்திருப்பவர் அநேகமாக அதை அறியமாட்டார். காது கடைசிவரை கேட்கும் என்று சொல்வார்கள், அதற்கு ஓரளவு ஆய்வு ஆதாரமும் வந்திருக்கிறது. அதனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், காணிச் சண்டையைத் தவிர.

நோவு? அதற்கு மோர்பின் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஆளை முடித்துவிடுவார்கள் என்ற பயம் நம் ஆட்களுக்கு நிறைய. நோவுக்குத் தக்க அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது. லண்டனில் 1967 இல் சிசிலி சோண்டர்ஸ் என்ற அம்மா சாகும் தறுவாயில் உள்ளவர்களின் நோவைப் பார்ப்பதற்கென்றே ஒரு இல்லம் திறந்தார். நேர்ஸாக இருந்து, சமூக சேவை அலுவலராக இருந்து, பிறகு டொக்டருக்குப் படித்தவர். உடம்பு நோவோடு மனசு, குடும்பம், சாமி நம்பிக்கை எல்லாவற்றிலும் உள்ள நோவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். உங்கள் கூட்டாளியின் கையைக் கட்டினவர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன், மயங்கிப் புலம்புகிறவர்கள் குழாயைப் பிடுங்குவது உண்மைதான். அந்தக் குழாய் உனக்கு வேணுமா என்று அவரிடம் பேச்சு இருந்தபோதே யாரும் கேட்கவில்லையே, எனக்கு அதுதான் வருத்தம்.

கடைசியாகப் பிள்ளைகள். 1964 ஒக்டோபரில் இந்தியாவினதும் இலங்கையினதும் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு நம் ஆட்களைப் பிரித்தார்கள், 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சமிருந்த 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் அக்காவை யாரும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை. இப்போது மகன் "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான், ஆனால் உங்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. எந்த மண்ணில் கிடப்பது என்பதை இரண்டாம் தரமும் வேறு ஆட்கள் முடிவு பண்ணுகிறார்கள். இதை மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா? அழுகைக் கோச்சியின் கதை அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

தீபாவளிச் சாப்பாட்டில் ஆரம்பித்தது உங்கள் பிழை, அதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். அம்மாவின் திவசத்துக்கு மகனை மட்டும் கூப்பிடுங்கள். இரண்டு பேருமாகப் போய்க் குழியைச் சுற்றிப் புல் வெட்டுங்கள். அங்கே உட்கார்ந்து முதலில் ஹட்டன் ஸ்டேஷனைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "நான் பேச முடியாமல் கிடந்தால் டொக்டர் உன்கிட்டதான் கேட்பார், நீ என்ன சொல்லுவ?" பதில் உடனே வராது, வரத் தேவையுமில்லை. அன்றைக்கு விடைதெரியாமல் முழிக்கப்போவது தான்தான் என்று அவனுக்கு உறைத்தால் அப்பாவின் பதிலை அவனே கேட்பான். மகளின் அழுகை வேறு மாதிரி. அவளுக்குக் கட்டாரிலிருந்து நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போகுமோ என்ற பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவளிடம் வாக்குவாதம் வேண்டாம், குரல் பதிவு ஒன்று அனுப்புங்கள், வந்து சேராவிட்டாலும் எனக்குக் குறையில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அரைப் பக்கம் எழுதியும் வையுங்கள். உங்களுக்காக யார் பேசுவது, எந்த வைத்தியம் வேண்டாம், எங்கே புதைப்பது, மரண உதவிச் சங்கத்துப் புத்தகம் எந்த அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, கிளினிக் கொப்பிக்குள் ஒன்று. ஒரு விஷயத்தில் மட்டும் மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, 84 படிக்கு மேலே நடக்க முடியாமல் கிடந்தால் உங்களை யார் தூக்கி இறக்குவது? கடைசி மாதங்களை வத்தளையில் கழிப்பதும், பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து கிடப்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். அவன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான், நீங்களும்தான்.

மூத்திரம் அள்ளும் விஷயம். "அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வேறு? அந்த நாலு மாதமும் உங்கள் மனைவி கூச்சப்பட்டிருப்பார். நீங்கள் அதற்காக அவரை ஒரு நாளாவது குறைத்து நினைத்தீர்களா?

கிளினிக் போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தப் பொட்டலத்தை அன்றைக்கு என்ன செய்தீர்கள், வழியில் சாப்பிட்டீர்களா வீட்டுக்குக் கொண்டுபோனீர்களா என்பதையும் எழுதுங்கள், கடிதத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.