ரெசின் வேலைக்கு மாஸ்க் போட்டால் போதுமா?

கேள்வி: வீட்டு மேசையில் ரெசின் கீசெயின், கம்மல் செய்கிறேன். பெவிக்விக், தின்னரும் புழங்கும். மாஸ்க் போட்டால் போதுமா?

போதாது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. என்95 கூடத் தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய வடிகட்டி மாட்டும் ரெஸ்பிரேட்டர் முகமூடி வேண்டும். ஆனால் மூக்கைப் பற்றி எழுத நான் இங்கே வரவில்லை. எல்லாரும் மூக்கைத்தான் கேட்கிறீர்கள், கையை யாருமே கேட்பதில்லை.

நீங்கள் ஏதோ ஒருநாள் வகுப்புக்குப் போய், ஒரு கிட் வாங்கி வந்து, தூசி விழுந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் அணைத்துவிட்டுப் படுக்கையறையில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வகுப்பில் "இது நான்-டாக்ஸிக், வாசனையே இருக்காது" என்றும் சொல்லியிருப்பார்கள். முழுதாக இறுகிய ரெசினுக்கு அது ஓரளவு சரி. கப்பில் கலக்கும்போது இருக்கும் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் வேறு. தின்னர் நாறுவதால் நாமே விலகிப் போகிறோம். ஹார்டனர் கலக்கும் இந்த எபாக்ஸி ரெசின் அவ்வளவாக நாறாது, அதனால் தேன் மாதிரி நினைத்துக் கையில் வழியவிடுகிறோம்.

என் நாத்தனார் கதையைச் சொல்கிறேன். ஈரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் வேலை செய்தோம். திடீரென்று அவளுக்கு இரண்டு இமையும் வீங்கிச் சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது. கழுத்திலும் விரல் இடுக்கிலும் அரிப்பு. மாமியார் உடனே கத்திரிக்காயை நிறுத்தினார். அப்புறம் கருவாடு, நிலக்கடலை, கண் மை. வேப்பிலை அரைத்துப் பூசியும் பார்த்தாயிற்று. பத்தியம் நீண்டுகொண்டே போனது, வீக்கம் குறையவில்லை.

எனக்கு மட்டும் ரெசின் மேல் சந்தேகம். சொன்னால், "அதான் கிளவுஸ் போடுகிறேனே அண்ணி" என்பாள். போடத்தான் செய்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது புரிந்தது. அவள் கண்ணாடி போடுகிறவள். குனிந்து வேலை செய்யும்போது கண்ணாடி மூக்கில் சரியும், அதே கிளவுஸ் விரலால் மேலே தள்ளிவிடுவாள். ரீல்ஸ் எடுக்க மொபைலைத் தொடுவாள், அப்புறம் அதையே கன்னத்தில் வைத்துப் பேசுவாள். கழற்றிய கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன், மூக்குத் தண்டு பிசுக்கென்று ஒட்டியது. ரெசின் பாட்டிலின் வெளிப்புறமும் அதே பிசுக்கு. உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. கையில் காட்டாதது முதலில் அங்கே காட்டும்.

பாட்டில்களின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, பல பொருள்களைக் கட்டம் கட்டமாக முதுகில் ஒட்டினார்கள், பேட்ச் டெஸ்ட் என்று பெயர். முதுகு நனையக் கூடாது என்பதால் சித்திரை வெயிலில் குளிக்காமல் தவித்தாள், பாவம். 48 மணி நேரம் கழித்துப் பிரித்தபோதே எபாக்ஸி இருந்த கட்டம் சிவந்து தடித்திருந்தது. அடுத்து 96 மணி நேரத்தில் பார்த்தபோது இன்னும் அதிகம். வழக்கமாக வைக்கும் தொகுப்பிலேயே எபாக்ஸியும் உண்டு என்றார் மருத்துவர். பத்தியம் அன்றோடு முடிந்தது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று இன்றுவரை வீட்டில் யாரும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் போகாது. அடுத்த முறை ஒரு துளி பட்டாலே போதும். "நான் வருஷக்கணக்காக வெறுங்கையால் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத யாராவது வருவீர்கள், தெரியும். பல வருஷம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று வருவதும் இதன் குணம். நான் மருத்துவர் இல்லை, யாரையும் பயமுறுத்தவும் இல்லை. நானே இன்னும் ரெசின் செய்கிறேன். யுவி விளக்கில் காட்டி இறுகவைக்கும் யுவி ரெசின் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலிருப்பது அக்ரிலேட் என்ற வேதிப்பொருள். அந்த ஒவ்வாமை வந்தால் பிறகு ஜெல் நகப்பூச்சும் ஆகாது, சில பல் அடைப்புப் பொருள்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆகவே நைட்ரைல் கிளவுஸ் வாங்குங்கள். வெள்ளை லேடெக்ஸ் வேண்டாம். ரெசின் பட்டதும் கழற்றி எறியுங்கள், மொபைலைத் தொடாதீர்கள். தோலில் பட்டால் டிஷ்யூவால் துடைத்துவிட்டு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னரோ அசிட்டோனோ ஊற்றித் துடைப்பதுதான் பலர் செய்வது. அது தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே போகவிடும். தூசி விழாமலிருக்க ரெசின் ஊற்றிய அச்சின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பதென்றால் நன்றாக இறுகிய பிறகு, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

பெவிக்விக் பற்றி ஒன்றே ஒன்று. காட்டன் நைட்டியோடு உட்காராதீர்கள். பருத்தியில் சிந்தினால் அது சட்டென்று சூடாகிப் புகையும், தோல் கொப்பளிக்கும். விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டு இமை ஒட்டினால் பிரிக்க முயலவே கூடாது, நேராகக் கண் மருத்துவர்தான்.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள். குழந்தை குடித்துவிடும் என்று சொன்னால் "மேலே எழுதி ஒட்டிக்குங்க" என்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை எழுத்தைப் படிக்குமா? தின்னரின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது.

இவ்வளவும் செய்து ஒரு கீசெயின் முடித்தால், "இது என்ன, இருபது ரூபாய்தானே, என் பேருக்கு ஒன்று போட்டுக் கொடேன்" என்று வருகிறார்கள் சொந்தக்காரர்கள். கிளவுஸ் விலையாவது தெரியுமா இவர்களுக்கு? ஒரு கல்யாணத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட் செய்து கொடுத்து, பணம் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. சரி, கேட்காததை எல்லாம் சொல்கிறேன்.

மிச்ச ரெசினை சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஹார்டனர் கலந்து மெல்லியதாகப் பரப்பி, இறுகிய பிறகு குப்பையில் போடலாம். கலந்ததை மொத்தமாகக் கப்பிலேயே விட்டால் கொதித்துப் புகைந்து கப்பே உருகிவிடும்.