தம்பியின் சீட்டில் நோயின் பெயர் மாறியது ஏன்?

முதல் டாக்டர் தவறிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று எழுதியது இரண்டு வருடம் கழித்து பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்) என்று மாறுவது நடப்பதுதான்.

முதலில் கூட்டிப்போனபோது உங்கள் தம்பி மேனியாவின், அதாவது பைபோலாரில் மனநிலை மிதமிஞ்சி ஏறும் கட்டத்தின், உச்சத்தில் இருந்திருக்கலாம். அப்போதும் ஸ்கிசோஃப்ரினியாவில் போலவே காதில் குரல் கேட்கலாம், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றலாம், அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

ஒரு நோட்டில் தூக்கம், செலவு, பேச்சு, குரல் என்று தினமும் நாலு வரி எழுதுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க, மனநிலை சமமாக இருக்கும் நாட்களிலும் குரல் கேட்கிறதா என்பதுதான் முக்கியம், கேட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெயர் மாறியதென்று பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியம் (மனநிலையைச் சமமாக வைக்கும் மருந்து) தொடங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், பைபோலார் என்றால் பெண் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா நிம்மதியாகிறாரே, அது சொந்தக்காரர்களின் கணக்கு. மாத்திரை இதற்கும் வருடக்கணக்கில்தான்.